மூச்சு யார் கணக்கில்?

எங்கள் தோட்டத்தில் ஒருவர் இறந்துவிட்டாரா இல்லையா என்ற தீர்ப்பை ஒரு நார் இலவம் பஞ்சிடம் விட்டிருந்தார்கள். எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் மலை அது. டிஸ்பென்சரி ஐயா மலையேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் லயத்தில் யாருக்காவது மேல்மூச்சு வாங்கத் தொடங்கினால் கடைசிக் காம்பராப் பெரியம்மாவுக்குத்தான் ஆள் போகும். அவர் தலையணை ஓரத்தைப் பிரித்து ஒரு நார் பஞ்சை எடுத்து மூக்குக்கு நேரே பிடிப்பார். அசைந்தால், "இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, பால ஊத்துங்க" என்பார். அசையாவிட்டால் ஒன்றும் பேசமாட்டார். எழுந்துபோய் அடுப்பை அணைப்பார். அதைப் பார்த்துத்தான் ஒப்பாரி தொடங்கும். தப்படிக்கிறவர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நாட்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு மண்ணாசை விடவில்லை என்று சொல்லி, அவருடைய காணி மண்ணைத் தண்ணீரில் கரைத்து வாயில் விடுவது. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த வழக்கம். கொண்டுவந்தவர்களுக்குத்தான் காணி இல்லை. லயத்து வாசல் மண்ணைக் கரைத்தார்கள். அது கம்பனி மண்.

என் அப்பா பால் வெட்டுகிறவர். விடியுமுன் கத்தியோடு மலைக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் இறங்காது. மாரியம்மன் கோயிலில் பூசாரிக்குக் கைத்துணையும் அவர்தான். "எழுதின மூச்சு முடிஞ்சா, அதுக்கு மேல ஒரு மூச்சுக்கூட வாங்க முடியாது" என்று அடிக்கடி சொல்வார். ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது அவருக்கு மனப்பாடம். சிதம்பரத்துப் பொற்கூரையில் வேய்ந்த ஓடுகளின் எண்ணிக்கையும் அதுவே என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டவர். சிதம்பரத்தை அவர் கண்டதில்லை.

நான் தாதியானபின் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 21,600 மூச்சை 24 மணித்தியாலத்துக்கும் பிறகு 60 நிமிடத்துக்கும் வகுத்தால் நிமிடத்துக்கு 15. எங்கள் பாடப்புத்தகத்தில் ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை. சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறந்த குழந்தை நிமிடத்துக்கு நாற்பது மூச்சு விடும். நெஞ்சில் சளி கட்டியவர் முப்பதைத் தாண்டுவார். எழுதி வைத்த கையிருப்பை இவர்கள் வேகமாகச் செலவழிக்கிறார்கள் என்றா கொள்வது? அப்பாவிடம் கேட்டேன். "அதையும் சேத்துத்தான் எழுதியிருப்பான்" என்றார். அந்தப் பதிலோடு யாரும் மல்லுக்கட்ட முடியாது.

சப்ரகமுவ மாகாணத்து வைத்தியசாலைகளில் என் வேலை பெரும்பாலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலும்தான். அங்கே பெரியம்மாவின் பஞ்சுக்குப் பதில் கப்னோகிராப் இருந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது, அதன் வழியாக ஒரு பழைய கேள்வியைப் பற்றியது: மூச்சுத்தான் உயிரா?

கருவி இப்படி வேலை செய்கிறது. நோயாளியின் தொண்டைக் குழாயை வென்டிலேற்றரோடு சேர்க்கும் இடத்திலிருந்து நூல் போன்ற ஒரு குழாய் கிளம்பும். அது ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சத்தை உறிஞ்சிக் கருவிக்குள் கொண்டுபோகும். கருவிக்குத் தக்கபடி நிமிடத்துக்கு 50 முதல் 200 மில்லிலீற்றர் வரை. மூச்சின் ஈரம் தேங்குவதற்கு ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதைக் கொட்ட மறந்தால் திரையில் கோடு தடுமாறும், இளைய தாதிகள் பதறி ஓடி வருவார்கள். உள்ளே ஒரு சிறு விளக்கு. அதன் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்; இந்தியப் புத்தகங்களில் அகச்சிவப்பு என்று போடுவார்கள். காபனீரொட்சைட்டு வாயு 4.26 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் அந்தக் கதிரை விழுங்கும். கதிர் எவ்வளவு குறைந்ததோ அதைக்கொண்டு வாயு எவ்வளவு என்று கணக்கிடலாம். இந்த வாயு கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை விழுங்குவதை ஜோன் டின்டல் இலண்டனில் காட்டியது சுமார் 1860 இல். அவருடைய ஆய்வுகூடத்திலேயே மனித மூச்சையும் அந்த வழியில் அளந்து பார்த்துவிட்டார்கள். விடாமல் அளந்துகொண்டே இருக்கும் கருவியைச் செய்தவர் ஜேர்மனியின் கார்ல் லுஃப்ட்.

உள்ளே இழுக்கும் காற்றில் அந்த வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்கு. வெளியே விடும் காற்றில் நூற்றுக்கு நான்கு, ஐந்து. கிட்டத்தட்ட நூறு மடங்கு. அதனால் திரையில் மூச்சுக்கு ஒரு மேடு எழும். நேராக ஏறும், மேலே ஏறக்குறையச் சமமாக ஓடும், நேராக விழும். மலை உச்சியிலிருந்து பார்க்கும்போது வரிசையாகத் தெரியும் லயத்துக் கூரைகள் மாதிரி. மேட்டின் கடைசியில் வரும் எண் சாதாரணமாக 35 முதல் 45 மில்லிமீற்றர் இரசம். தொய்வுக்காரருக்கு மேட்டின் முன்பக்கம் சரிந்து போயிருக்கும். மயக்க மருந்து கொடுப்பவர் குழாயைச் சுவாசக் குழலுக்குள் விடாமல் உணவுக் குழலுக்குள் விட்டுவிட்டால் சில மூச்சுக்குள் மேடே இல்லாமல் போகும். நெஞ்சு ஏறி இறங்குவது போலத் தோன்றலாம், குழாயில் ஆவி படியலாம். கண்ணும் காதும் ஏமாறும் இடத்தில் இந்தக் கோடு காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கும்போது 12, 13 என்று கிடந்த எண் திடீரென்று 38க்குப் பாயும். கையில் நாடி தட்டுப்படுவதற்கு முன்பே இதயம் திரும்பிவிட்டது என்று அது சொல்லிவிடும். இருபது நிமிடம் அமுக்கியும் 10ஐத் தாண்டாவிட்டால் நம்பிக்கை மிகக் குறைவு.

கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் எங்கள் சனங்களுக்குப் பழகிவிட்டது. "தொண்ணூத்தெட்டு காட்டுது மிஸ்" என்று தொலைபேசியில் சொல்வார்கள். அது ஒட்சிசனை மட்டும் பார்க்கும் கருவி. இறப்பர் சீட்டுக்குப் புகை போடும் கூடத்திலும் விறகடுப்படியிலும் நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட ஒரு முதியவர் மூக்கில் ஒட்சிசன் ஓட, விரலில் 97 காட்ட, வார்டில் தூங்கித் தூங்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் அந்த 97ஐப் பார்த்து நிம்மதியாக இருந்தார்கள். இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் காபனீரொட்சைட்டு 80க்கு மேல். உள்ளே வருவது வந்துகொண்டிருந்தது; வெளியே போகவேண்டியது போகவில்லை.

இங்கேதான் எனக்கு முதல் தடுமாற்றம் வந்தது. நாம் பிராணன் என்று கும்பிடுவது உள்ளே வருவதை. கருவி கண்ணும் கருத்துமாகப் பார்ப்பது வெளியே போகும் கழிவை. அது மட்டுமா? நம்மை மூச்சு விடச் செய்வதும் அந்தக் கழிவுதான். ஜோன் ஸ்கொட் ஹோல்டேனும் பிரீஸ்ட்லியும் 1905 இல் ஒக்ஸ்ஃபோர்டில் இதை நிறுவினார்கள். சாதாரண நிலையில் மனிதன் அடுத்த மூச்சை வாங்குவது ஒட்சிசன் குறைந்ததால் இல்லை, காபனீரொட்சைட்டு கூடியதால். பலாபத்தலைப் பக்கமாகச் சிவனொளிபாத மலை ஏறுகிறவர்கள் படியில் நின்று மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறார்களே, தசைகளில் உண்டாகும் அந்தக் கழிவை வெளியேற்றும் அளவுக்கு அவர்களுடைய மூச்சும் கூடுகிறது. மூச்சை அடக்கி ஒரு கட்டத்தில் முடியாமல் விட்டுவிடுகிறோமே, அந்தத் தவிப்பும் பெரும்பாலும் அதனால்தான்.

திருமூலர் பூரகத்துக்கு 16 மாத்திரை, இரேசகத்துக்கு 32, கும்பகத்துக்கு 64 என்று வகுத்திருக்கிறார். வாங்குவதைப்போல விடுவது இரண்டு மடங்கு. இதைச் சொன்னதும் சில பேச்சாளர்கள், "பார்த்தீர்களா, விஞ்ஞானம் இன்றைக்குச் சொல்வதைச் சித்தர் அன்றைக்கே சொல்லிவிட்டார்" என்று மேடையில் முழங்குவார்கள். எனக்கு அந்த முழக்கத்தில் சம்மதமில்லை. திருமூலருக்குச் செங்கீழ்க் கதிர் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் மனத்தை அடக்க வழி சொன்னார். மயக்க மருந்து நிபுணருக்கு முன்னால் நிறுத்தி அவருக்குச் சான்றிதழ் வாங்கிக்கொடுப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனால் நம் சமயத்துக்குள்ளேயே இந்தக் கருவி எழுப்பும் கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. அதற்குமுன் அந்தக் கேள்வி என்னிடம் வந்து நின்ற விதத்தைச் சொல்லவேண்டும்.

மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்ட தோட்டத்துப் பையன் ஒருவனை 1990 இலக்க அம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். மூளை வீங்கி உள்ளுக்குள்ளேயே நசுங்கிவிட்டது. வென்டிலேற்றர் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. நிபுணர் தாய்க்குச் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு ஓடுதே மிஸ். நெஞ்சு ஏறி எறங்குதே. தொட்டா சூடாத்தான் இருக்கான். எப்படிச் செத்துட்டான்னு சொல்றாங்க?"

நிமிடத்துக்கு 14 என்று குமிழைத் திருப்பி வைத்தது என் கை. அப்பாவின் கணக்கு அப்போது ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பதினான்கும் பிரமன் எழுதியதில் சேருமா, நான் எழுதியதா?

மூளைச் சாவைத் தீர்மானிக்கும் சோதனைகளில் கடைசியானது மூச்சைப் பற்றியது. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, தொண்டையைத் தொட்டால் இருமல் வருகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்து, மயக்க மருந்தின் மிச்சம் உடம்பில் இல்லை என்று உறுதிசெய்த பிறகே இதற்கு வருவார்கள். முதலில் நோயாளிக்கு முழு ஒட்சிசன் கொடுப்பார்கள். பிறகு வென்டிலேற்றரைக் கழற்றிவிட்டு, மெல்லிய குழாயால் ஒட்சிசனை மட்டும் தொடர்ந்து விட்டுக்கொண்டு, சட்டையைத் திறந்து நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காபனீரொட்சைட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வீதம் ஏறும். எட்டு, பத்து நிமிடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் பொதுவாக 60ஐத் தாண்டியிருக்கும். மூளையின் அடித்தண்டில் ஒரு துளி உயிர்ப்பு இருந்தாலும் அந்த அளவில் உடம்பு மூச்சுக்குத் தவிக்கும். நெஞ்சு ஒருமுறை துடித்தாலும் போதும், சோதனையை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடமும் அறையில் யாரும் பேசமாட்டார்கள். அன்றும் தலைமை வைத்தியரும், அதுவரை பகிடி விட்டுக்கொண்டிருந்த உதவியாளனும், நானும் நெஞ்சுக்குழியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பையனுடைய நெஞ்சு அசையவில்லை.

சூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். மூளை போனால் உடம்பின் சூட்டைப் பிடித்து வைப்பதும் போய்விடும்; உடம்பு மெல்ல மெல்லக் குளிரும். சோதனைக்கு உடம்பு சூடாக இருந்தாக வேண்டும் என்பதால் கம்பளி போர்த்திச் சூடேற்றிக்கொண்டே இருந்தோம். அந்தத் தாய் தொட்டுப் பார்த்த சூடும் நாங்கள் கொடுத்த சூடுதான்.

மூச்சு ஓடியும் உயிர் இல்லை என்ற இந்தக் குழப்பம் மனிதனுக்கு எப்போது வந்தது என்று தேடினால் 1952 இல் போய் நிற்கும். கோப்பன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்த பிள்ளைகள் பிளெக்டாம் வைத்தியசாலையில் அடுக்கடுக்காகச் செத்துக்கொண்டிருந்தார்கள். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு மிகுந்திருப்பதைக் கண்டும் வைத்தியர்கள் அதை வேறேதோ கோளாறு என்று நினைத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர்தான், இது வெளியேறாமல் தேங்கிய மூச்சு என்று சொல்லி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, இறப்பர்ப் பையை அமுக்கிக் கையாலேயே மூச்சுக் கொடுத்துக் காட்டினார். மருத்துவ மாணவர்கள் ஆயிரத்துக்கு மேல் முறைவைத்து இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். பத்துப் பேரில் எட்டுக்கு மேல் செத்த இடத்தில் சாவு பாதிக்கும் கீழே வந்தது. உலகத்தின் ஐ.சி.யு. எல்லாம் அந்த வார்டின் பிள்ளைகள்தான். ஒருவருடைய மூச்சை இன்னொருவர் விடலாம் என்று ஆன அன்றைக்கே, மூச்சை வைத்து உயிரை அறியும் வழி அடைபட்டுவிட்டது.

மற்றவர்கள் இந்தக் கேள்வியைத் தங்கள் சமயத்திடம் கொண்டுபோனார்கள். மயக்க மருந்து வைத்தியர்கள் கேட்டதற்கு 1957 நவம்பர் 24 அன்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் பதில் சொன்னார்: அசாதாரணமான வழிகளால் மூச்சை நீட்டிக்கொண்டே இருக்கவேண்டிய கடமை இல்லை; இறப்பு எந்தக் கணம் என்று வரையறுப்பது வைத்தியரின் வேலை. இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம் 1986 இல் அம்மானில் கூடி மூளைச் சாவை ஏற்றுத் தீர்மானம் எடுத்தது. எங்கள் வார்டில் ஒருமுறை சிகிச்சைக்குப் படுத்திருந்த வயதான பௌத்த ஹாமுதுரு ஒருவரிடம் நானே கேட்டேன். அவர் மஜ்ஜிம நிகாயத்தின் மகாவேதல்ல சூத்திரத்தை எடுத்தார். ஆழ்ந்த நிரோத சமாபத்தியில் இருக்கும் பிக்குவுக்கு மூச்சு நின்றிருக்கும், ஆனால் அவர் இறக்கவில்லை. ஆயுளும் சூடும் அவரை விட்டுப் போகவில்லை. "அப்படியென்றால் உங்கள் மெசினில் இருப்பவருக்குச் சூடு இருக்கிறதே" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். கம்பளி விஷயத்தைச் சொன்னேன். நெடுநேரம் யோசித்தார். "அப்போது அது கம்பளியின் சூடு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

நம் பக்கம்? தோட்டத்துக் கோயிலில் யாரைக் கேட்பது? பூசாரிக்குப் பூசை தெரியும், கரகம் பாலிக்கத் தெரியும். கொழும்பிலிருந்து வரும் பேச்சாளருக்குத் திருமூலரும் விஞ்ஞானமும் தெரியும். என் பதில் பள்ளிக்கூடத்தில் சைவசமயம் படிப்பித்த சேரிடமிருந்து வந்தது; அவர் மனப்பாடம் செய்ய வைத்த சிவஞானபோதத்திலிருந்து வந்தது.

திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பன்னிரண்டு சூத்திரம் செய்தார். மூன்றாவது சூத்திரம் முழுக்க, ஆன்மா எது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகிறது. உடம்பு இல்லை, ஐம்பொறி இல்லை என்று வரும் வரிசையில் மூச்சும் இருக்கிறது. அவருடைய வாதம் எளியது. தூங்குகிறவனைப் பார். மூச்சு விழித்திருந்தபோது ஓடியது போலவே ஓடுகிறது. ஆனால் அவனுக்கு இன்பதுன்ப நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. மூச்சே ஆன்மா என்றால் மூச்சு ஓடும்போது நுகர்ச்சியும் ஓட வேண்டுமே? ஓடவில்லை. ஆகவே அறிகிறவன் வேறு, மூச்சு வேறு.

பள்ளிக்கூடத்தில் இதைப் பரீட்சைக்காக ஒப்பித்தேன். இதன் பலம் ஐ.சி.யு.வில் அந்தக் குமிழுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. மூச்சு ஓடுவதைக் கொண்டு ஆள் இருக்கிறான் என்று சொல்ல முடியாது என்பதை, வென்டிலேற்றருக்கு எழுநூறு வருடத்துக்கு முன் ஒருவர் தூங்குகிறவனை வைத்தே காட்டிவிட்டார். இதை நான் விஞ்ஞானம் என்று சொல்லவில்லை. இது தர்க்கம். கருவி மாறினாலும் நிற்கும்.

உடனே ஒரு மறுப்பு வரும். தூங்குகிறவன் விழிப்பான், அப்படியானால் இவனும் விழிக்கலாமே? சரியான கேள்வி. தூங்குகிறவனுக்கும் நினைவற்றுக் கிடக்கும் பலருக்கும் காபனீரொட்சைட்டு ஏறினால் உடம்பு தானே மூச்சைக் கூட்டும். ஆன்மாவுக்குக் கருவியான உடம்பு இன்னும் வேலை செய்கிறது. அதனால்தான் நினைவில்லாதவர்கள் எல்லாரையும் இறந்தவர்கள் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அந்தப் பத்து நிமிடச் சோதனை தேடுவது இந்த வேறுபாட்டைத்தான். மூச்சு ஓடுகிறதா என்று அது கேட்கவில்லை. மூச்சுக்கு ஏங்குகிற ஒன்று உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கடினமானது. சித்தாந்தப்படி ஆன்மா அழியாது. கருவிகள் நீங்கினால் அறிவு விளங்காமல் கேவலம் என்னும் நிலையில் கிடக்கும். அப்படியிருக்க அது உடம்பை விட்டுச் சூக்கும தேகத்தோடு கிளம்பிய கணம் எது என்று 60 என்ற எண் சொல்லிவிடுமா? சொல்லாது. எந்த எண்ணும் சொல்லாது. பெரியம்மாவின் பஞ்சும் சொன்னதில்லை. ஆனால் நமக்குத் தெரியவேண்டியது ஆன்மா கிளம்பிய கணமில்லை. இந்த உடம்பு இனி அதற்குக் கருவியாக ஒருபோதும் உதவாது என்பது தெரிந்தால் போதும். கருவி முற்றாகக் கெட்டபின் அதற்குக் காற்றடித்துக்கொண்டிருப்பது அந்த ஆன்மாவுக்குச் செய்யும் உபகாரம் என்று சைவ சாத்திரத்தில் எங்கும் நான் படித்ததில்லை. தடுத்து வைத்திருக்கிறோமோ என்று அஞ்சுவதற்குத்தான் இடமிருக்கிறது.

இவ்வளவையும் அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. பெற்ற வயிற்றிடம் மூன்றாம் சூத்திரம் பேசுகிற நேரமா அது? ஒன்றைத்தான் சொன்னேன். "அம்மா, இந்த மூச்சு அவன் விடுறது இல்ல. நாங்க விடுறது. அவனா ஒரு மூச்சு விடுவானான்னு மெசினைக் கழட்டிக் காத்திருந்து பாத்தோம். விடல." அவர் கருவியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "அப்போ அவன் வேலைய நீங்க செய்றீங்க" என்றார். ஆம் என்றேன். வேறு ஒருவரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பால் ஊற்றவேண்டும் என்று கேட்டார். வாயில் குழாய் இருந்தது, ஊற்ற முடியாது. கன்டீனிலிருந்து ஒரு கோப்பைப் பால் வாங்கி வரச் செய்து, துணியைச் சுருட்டி அதில் தோய்த்துக் கொடுத்தேன். தாயும் தங்கச்சியும் மாமனும் ஒவ்வொருவராக உதட்டில் ஒற்றினார்கள். சிங்களத் தாதி ஒருத்தி கேட்காமலே திரையை இழுத்துவிட்டாள்.

கண்களைக் கொடுப்பீர்களா என்று பிறகு கேட்டபோது மாமன் மறுத்தார். கண்ணில்லாமல் மேலே போவான் என்று பயந்தார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாயுத் தலமான காளத்தியில், கருவறைத் தீபம் மூச்சுப் பட்டதுபோல் ஆடிக்கொண்டே இருக்கும் என்கிறார்களே அந்தக் காளத்தியில், கண்ணைப் பெயர்த்துக் கொடுத்தவர்தான் கண்ணப்பர். நாயன்மாராகக் கோயில் பிராகாரத்தில் நிற்கிறார். ஹட்சன் சில்வா வைத்தியர் 1961 இல் தொடங்கிய கண்தானச் சங்கத்துக்குச் சிங்கள பௌத்தக் குடும்பங்கள் தானம் என்று சொல்லி அள்ளிக் கொடுத்தார்கள். இலங்கையின் கண்கள் பல நாடுகளுக்குப் போகின்றன. கண்தானத்துக்கு மூளைச் சாவும் தேவையில்லை, இதயம் நின்ற சில மணித்தியாலத்துக்குள் எடுக்கலாம். கண்ணையே தானம் கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையை அந்தக் குடும்பங்கள் விகாரையில் கேட்டு வளர்ந்தன. கண்ணப்பர் கதையை நாங்களும் கேட்டுத்தான் வளர்ந்தோம். அதைக் கண்தானத்தோடு சேர்த்துச் சொல்லத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

அதனால் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத்துத் தோட்டக் கோயில் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிவராத்திரிக்கு நித்திரை விழிப்பதற்கென்று விடிய விடியப் படம் போடுகிறீர்கள். இரண்டு படத்துக்கு நடுவில் அரை மணித்தியாலம் எனக்குக் கொடுங்கள். கப்னோகிராப் கோட்டைப் படமாகவும் மூன்றாம் சூத்திரத்தை அச்சடித்தும் கொண்டு வருகிறேன். கூலி வேண்டாம், ஓட்டோக் காசும் நானே போட்டுக்கொள்வேன். வீட்டில் இருக்கிறவர்களும் நல்ல காலத்திலேயே, எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரத்தில், தங்களுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். ஐ.சி.யு. வாசலில் நின்று அதை முதன்முதலாக யோசிக்கும் நிலைக்குப் பெற்றவளைத் தள்ளாதீர்கள்.